ஹெம்ப் சாகுபடிக்கு அரசு நடத்தும் ஆராய்ச்சித் திட்டங்களால் யாருக்கு என்ன கிடைத்தது?

கேள்வி இது: "போதை தராத ஹெம்ப் செடியைப் பயிரிட நேரடியாக அனுமதி தராமல், பல அரசுகள் முதலில் ஆராய்ச்சித் திட்டம் என்று ஏன் தொடங்குகின்றன? அதில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? விவசாயிக்கு அதனால் பயன் உண்டா?"

பயன் உண்டு. ஆனால் ஆராய்ச்சி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தடை செய்யப்பட்ட செடிக்குச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்துவிடுவது. மற்றொன்று, எந்த விதை எந்த நிலத்தில் எப்படி வளர்கிறது, பூவில் எவ்வளவு போதைப்பொருள் சேர்கிறது, அறுத்ததை யார் வாங்குவார்கள் என்று வருடக்கணக்கில் அளந்து எழுதி வைப்பது. முதல் வேலை பல இடங்களில் மின்னல் வேகத்தில் முடிந்தது. இரண்டாவது பின்தங்கியது. விவசாயிகள் கையைச் சுட்டுக்கொண்டதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான். இதை விளக்க அமெரிக்காவின் அனுபவத்தையே அதிகம் எடுத்துக்கொள்கிறேன். இந்த வழி அங்கேதான் மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது.

முதலில் செடியைப் பற்றி. ஹெம்பும் கஞ்சாவும் ஒரே இனம், கன்னாபிஸ் சட்டைவா. சாக்கு நெய்யும் சணல் வேறு குடும்பத்துச் செடி, அதற்கும் இதற்கும் உறவில்லை. போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். அது மிகக் குறைவாக உள்ள ரகங்களை நாருக்கும் விதைக்கும் வளர்த்தால் ஹெம்ப் என்கிறோம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். அரசுகள் தயங்குவதற்கு முதல் காரணம் இதுதான். வயலில் நிற்கும் செடி சட்டப்படி பயிரா குற்றமா என்பதைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண் முடிவு செய்கிறது. அந்த எண்ணை யார், எப்போது, செடியின் எந்தப் பகுதியில் அளப்பது என்று எழுதி வைத்த முறை ஒன்று வேண்டும்.

பல நாடுகளில் அந்த எண் 0.3 சதவீதம். 1976ல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் இந்தச் செடியை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஓரளவு முதிர்ந்த செடியின் இளம் இலைகளில் 0.3 சதவீதம் என்று ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு தாங்களாக வகுத்துக்கொண்டது என்பதையும் அதே கட்டுரையில் ஒளிக்காமல் எழுதினார்கள். செடிகளைப் பெட்டி பிரித்து வைப்பதற்கான வசதி அது. பிற்காலத்தில் சட்டம் எழுதியவர்கள் அந்த எண்ணை எடுத்துக்கொண்டார்கள். இலையை விட்டுவிட்டு, டி.எச்.சி. மிக அதிகமாகச் சேரும் பெண் பூங்கொத்தில் அளக்கச் சொன்னார்கள். அதே செடி, அதே எண், ஆனால் தேர்வு பல மடங்கு கடினமாகிவிட்டது. இன்றைக்கு வயலில் வரும் தொல்லைகளில் பாதி இங்கிருந்து கிளம்புகிறது.

அரசு ஆராய்ச்சி அமெரிக்காவுக்குப் புதிதல்ல. வேளாண் துறையின் தாவரவியலாளர் லிஸ்டர் டியூயி 1912 முதல் 1933 வரை ஹெம்ப் ரகங்களை உருவாக்கும் வேலையை நடத்தினார். வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில், பின்னாளில் பென்டகன் எழுந்த பகுதியில் இருந்த ஆர்லிங்டன் சோதனைப் பண்ணையில் அது நடந்தது. கைமிங்டன் போன்ற ரகங்கள் அங்கே பிறந்தவை. சீனத்து விதைகளிலிருந்து வந்த உயரமான செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, நீளமான நார் தரும் வகைகளை எடுத்தார். 1916ல், நார் எடுத்தபின் எஞ்சும் உள்தண்டுச் சக்கையிலிருந்து காகிதம் செய்யலாமா என்று அவரும் ஜேசன் மெரில் என்ற வேதியியலாளரும் எழுதிய அறிக்கையை வேளாண் துறை வெளியிட்டது. 1933ல் இந்த வேலை நின்றது. 1937ல் மரிஜுவானா வரிச்சட்டம் வந்தது. டியூயியின் ரகங்களைக் கட்டிக் காக்க ஆளில்லாமல் போய், காலப்போக்கில் அவை அழிந்தன. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே பெரிய இழப்பு இதுதான். ஆலையை மூடினால் மறுபடி கட்டலாம். இருபது வருடம் பொறுக்கியெடுத்த விதை முளைப்புத்திறன் இழந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

அதற்கப்புறம் போர் வந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த மணிலா நார் ஜப்பானின் ஆக்கிரமிப்பால் நின்றுபோனதும், கப்பல் கயிற்றுக்கு அமெரிக்க அரசு ஹெம்பைத் தேடி ஓடியது. 1942ல் போர்க்கால ஹெம்ப் நிறுவனம் ஒன்றை அரசே அமைத்தது. கென்டக்கி விவசாயிகள் விதையை வளர்த்தார்கள், வடக்கே இருந்த மாநிலங்கள் நாருக்குப் பயிரிட்டன, நார் பிரிக்க 42 ஆலைகளை அரசுச் செலவில் கட்டினார்கள். 1943ல் மட்டும் ஏறத்தாழ 1,46,000 ஏக்கரில் அறுவடை நடந்தது. விதை, ஒப்பந்தம், ஆலை, வாங்குபவர் என்று நான்கையும் ஒரே கை பிடித்திருந்ததால் இவ்வளவு வேகம் சாத்தியமானது. போர் முடிந்தது, வெளிநாட்டு நார் மறுபடி வந்தது, ஆலைகள் மூடப்பட்டன. விஸ்கான்சினில் 1950களின் கடைசி வரை கொஞ்சம் தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான். 1970ல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் ஹெம்பையும் கஞ்சாவையும் ஒரே பட்டியலில் போட்டது.

அந்தச் சட்டத்துக்குள் இருந்துகொண்டே ஆராய்ச்சி செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஹவாய் நல்ல உதாரணம். 1999 டிசம்பரில் ஓவாஹு தீவில், மாநில அரசின் சட்டப்படி, போதைப்பொருள் தடுப்பு முகமையின் அனுமதியோடு, டேவிட் வெஸ்ட் என்ற தாவர இனவிருத்தியாளர் கால் ஏக்கர் அளவு நிலத்தில் ஹெம்ப் விதைத்தார். பணம் ஒரு கூந்தல் பராமரிப்புப் பொருள் நிறுவனத்தினுடையது. அந்தக் கால் ஏக்கரைச் சுற்றி உயரமான வேலி, இரவும் பகலும் கண்காணிப்புக் கருவி. டி.எச்.சி. மிகக் குறைவாக உள்ள நார்ப்பயிருக்கு இத்தனை காவல். மிதவெப்ப நாடுகளிலிருந்து வந்த விதைகள் அங்கே வளராமலேயே பூத்துவிடுகின்றன என்பதைக் கண்டு, வெப்பமண்டலத்துக்குப் பொருந்தும் ரகத்தை எடுக்க முயன்றார். 2003ல் திட்டம் மூடப்பட்டது. அந்த விதை எந்த விவசாயியின் வயலுக்கும் போய்ச் சேரவில்லை.

இந்தப் பூக்கும் பிரச்சினையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். ஹெம்பில் அரசு ஆராய்ச்சி ஏன் தவிர்க்க முடியாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை. ஹெம்ப் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. பகல் நீளமாக இருக்கும்வரை தண்டும் இலையுமாக உயர்ந்துகொண்டே போகும். பகல் குறையத் தொடங்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பூக்கும். பிரான்சிலோ கனடாவிலோ எடுத்த ரகத்துக்குக் கோடையில் பதினாறு மணி நேரப் பகல் பழக்கம். அதே விதையைப் பூமத்தியரேகையை நெருங்கி விதைத்தால், கோடையின் மிக நீண்ட பகல்கூட அதற்குப் போதாது. இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று கணக்குப் போட்டு, முழங்கால் உயரத்திலேயே பூத்து நிற்கும். உரம் போட்டாலும் தண்ணீர் விட்டாலும் அந்தச் செடி அதற்குமேல் போகாது. நாருக்கு ஆறடி, பத்தடித் தண்டு வேண்டும். முழங்கால் உயரத்துச் செடியில் என்ன நார் எடுப்பது?

வடக்கு டகோடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாங்டன் ஆராய்ச்சி நிலையம் 2015ல் ரகச் சோதனையைத் தொடங்கியது. கனடா எல்லைக்குப் பக்கத்து ஊர் அது. எனவே கனடாவில் ஏற்கனவே தேறிய விதை ரகங்களை வைத்து முதல் வருடமே பயனுள்ள எண்களை எடுக்க முடிந்தது. ஃபுளோரிடாவில் அப்படி நடக்கவில்லை. அங்கே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வடக்கத்திய ரகங்களை விட்டுவிட்டு, சீனாவின் யுன்னான் போன்ற தெற்குப் பகுதிகளிலிருந்து வந்த ரகங்களைத் தேடிப் போகவேண்டியிருந்தது. பையில் "நல்ல விளைச்சல்" என்று அச்சடித்திருந்தால் போதாது, எந்த அட்சரேகையில் நல்ல விளைச்சல் என்பதே கேள்வி. தனியார் விதை வியாபாரி இதைச் சோதித்துச் சொல்லக் காத்திருக்க மாட்டார். மூன்று நான்கு வருடம், ஏழெட்டு இடத்தில், பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் பல ரகங்களை விதைத்து, தோற்றதையும் சேர்த்து வெளியிடும் பொறுமை பொதுப் பணத்துக்குத்தான் உண்டு.

இப்போது 2014க்கு வருவோம். அந்த ஆண்டு பிப்ரவரி 7ல் கையெழுத்தான அமெரிக்க வேளாண் சட்டத்தின் 7606ஆம் பிரிவு, மாநிலச் சட்டம் அனுமதித்தால் பல்கலைக்கழகங்களும் மாநில வேளாண் துறைகளும் முன்னோடி ஆராய்ச்சித் திட்டத்தின்கீழ் ஹெம்ப் வளர்க்கலாம் என்றது. எல்லை 0.3 சதவீத டி.எச்.சி. ஆராய்ச்சியின் நோக்கமாக அந்தப் பிரிவு சொன்னது மூன்று: வளர்ச்சி, சாகுபடி, சந்தைப்படுத்தல். மூன்றாவது சொல்தான் எல்லாவற்றையும் மாற்றியது. சந்தையை ஆராய வேண்டுமானால் விற்றுப் பார்க்கவேண்டும் அல்லவா? மாநில வேளாண் துறையோடு ஒப்பந்தம் போட்ட விவசாயி சட்டப்படி ஆராய்ச்சியில் பங்கேற்பவர். அவருடைய நூறு ஏக்கரும் சட்டப்படி ஆராய்ச்சித் திடல்.

தொடக்கமே எளிதாக இல்லை. கென்டக்கி வேளாண் துறை இத்தாலியிலிருந்து வரவழைத்த 250 பவுண்டு விதை, அதாவது சுமார் 113 கிலோ, 2014 மே மாதம் லூயிவில் நகரில் சுங்கத்துறையிடம் மாட்டிக்கொண்டது. சட்டம் வளர்க்கலாம் என்கிறது, ஆனால் முளைக்கும் விதையை இறக்குமதி செய்யப் போதைப்பொருள் தடுப்பு முகமையின் அனுமதி வேண்டும் என்ற வாதம். விதைக்கும் பருவமோ கைநழுவிக்கொண்டிருந்தது. மாநில வேளாண் துறை மத்திய முகமைமீதே வழக்குப் போட்டது. மாதக் கடைசியில் விதை விடுவிக்கப்பட்டு, கென்டக்கி பல்கலைக்கழகத்தின் திடலில் விதைத்தார்கள். மாநிலம் முழுக்க அந்த ஆண்டு வெறும் 33 ஏக்கர்.

அப்புறம் ஏறியது. 2015ல் 922 ஏக்கர், 2016ல் சுமார் 2,350, 2017ல் சுமார் 3,270, 2018ல் சுமார் 6,700. பரப்பைப் பார்த்தால் சீரான வளர்ச்சி. ஆனால் இந்த ஆண்டுகளில் பயிரின் நோக்கமே மாறிவிட்டது. தொடங்கும்போது நார், விதை பற்றிப் பேசியவர்கள் மூன்றே வருடத்தில் சி.பி.டி. என்ற மற்றொரு வேதிப்பொருளுக்காகப் பூ வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். போதை தராத, மருந்துக் குணம் உண்டென்று விற்கப்பட்ட எண்ணெய் அது. ஏக்கருக்கு வரும் வருமானம் நாரைவிடப் பன்மடங்கு என்று பேச்சு. 2016 ஆகஸ்டில் வேளாண் துறை, போதைப்பொருள் தடுப்பு முகமை, உணவு மருந்து நிர்வாகம் மூன்றும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன: சந்தை ஆராய்ச்சிக்காக விற்கலாம், பொது வணிகமாக விற்கக்கூடாது என்று. இரண்டுக்கும் நடுவே வயலில் யார் கோடு போடுவது? மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி நடந்துகொண்டன.

பூவுக்கு வளர்ப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் இறங்கியவர்கள் ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள். சி.பி.டி. ரகங்களில் சி.பி.டி.யும் டி.எச்.சி.யும் சேர்ந்தே ஏறும். ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று முதல் முப்பதுக்கு ஒன்று வரை அவற்றின் விகிதம். இருபத்தைந்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவில் சி.பி.டி. 7.5 சதவீதத்தைத் தொடும்போது டி.எச்.சி. 0.3ஐத் தொட்டுவிடும். வாங்குபவரோ சி.பி.டி. சதவீதத்தைப் பார்த்துக் காசு தருகிறார். எனவே விவசாயி இன்னும் ஒரு வாரம் பூ முற்றட்டும் என்று காத்திருப்பார். அந்த ஒரு வாரத்தில் மொத்தப் பயிரும் சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிடலாம். தாண்டினால் அழிக்கவேண்டும். உரம், நாற்று, களையெடுப்புக் கூலி எல்லாம் போட்டு முடித்த பிறகு.

வெயில் அதிகம், வறட்சி, பூச்சி கடித்த அழுத்தம் என்று எல்லையைத் தாண்டியதற்குப் பலர் காரணம் சொன்னார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹெம்ப் குழு இதை முறையாகச் சோதித்தது. செடிகளைத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள், காயப்படுத்தினார்கள், களைக்கொல்லி தெளித்தார்கள், ஹார்மோன் கொடுத்தார்கள். டி.எச்.சி.க்கும் சி.பி.டி.க்கும் உள்ள விகிதம் பெரிதாக அசையவில்லை. விகிதத்தைத் தீர்மானிப்பது மரபணு, அதாவது விதை. ஹெம்ப் என்று விற்கப்பட்ட ரகங்கள் சிலவற்றில் அதிக டி.எச்.சி. உண்டாக்கும் மரபணு கலந்திருந்ததையும் மரபணுச் சோதனையில் கண்டார்கள். நாற்றுப் பருவத்திலேயே இலைத்துண்டு ஒன்றை எடுத்து இதைக் கண்டுபிடிக்கலாம். ஆண் செடியா பெண் செடியா என்பதையும் அப்படியே. இது சாதாரண விஷயமல்ல. விவசாயியின் கவனக்குறைவு என்று பழி போட்டுக்கொண்டிருந்த இடத்தில், விதை விற்றவரைக் கேளுங்கள் என்று சொல்ல ஆதாரம் கிடைத்தது. ஆனால் 2020, 2021ல்தான் இந்த முடிவுகள் வெளிவந்தன. அதற்குள் பலர் விதைத்து, வளர்த்து, அழித்தும் முடித்திருந்தார்கள்.

2018 டிசம்பர் 20ல் அடுத்த வேளாண் சட்டம் கையெழுத்தானது. ஹெம்ப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே நீங்கியது. அடுத்த பருவத்தில் கென்டக்கியில் மட்டும் 60,000 ஏக்கர் வரை ஒப்புதல் தந்தார்கள், அதில் 25,000 ஏக்கர் அளவுக்கு நட்டார்கள். ஒரே வருடத்தில் நான்கு மடங்கு. நாடெங்கும் இதே கதை. அறுத்த பூவை உலர்த்தக் கொட்டகை இல்லை, எண்ணெய் பிரிக்கும் ஆலைகள் நிரம்பி வழிந்தன, விலை தரைமட்டத்துக்கு வந்தது, ஒப்பந்தம் போட்ட நிறுவனங்கள் சில திவாலாயின. ஹெம்பில் தெளிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட பூச்சி மருந்துகள்கூட அந்தப் பருவத்துக்கு உதவவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முதல் பத்து மருந்துகளுக்கு ஒப்புதல் தந்தது 2019 டிசம்பரில், அறுவடை முடிந்த பிறகு. அந்தப் பத்தில் ஒன்பது உயிரியல் மருந்துகள்.

தேசிய அளவில் வேளாண் துறை எடுத்த கணக்கைப் பாருங்கள். 2021ல் திறந்தவெளியில் சுமார் 54,200 ஏக்கர் விதைத்து, 33,500 ஏக்கர்தான் அறுத்தார்கள். 2022ல் விதைத்ததே சுமார் 28,300. அறுத்தது 18,000 சொச்சம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வயலிலேயே போய்விட்டது. வறண்டது, களையில் மூழ்கியது, எல்லையைத் தாண்டியது, வாங்க ஆள் வராதது என்று காரணம் பலவாக இருக்கும். எந்தக் காரணத்தால் எவ்வளவு என்று வருடா வருடம் பிரித்து எழுதுவதும் ஆராய்ச்சித் திட்டத்தின் வேலைதான் என்பது என் எண்ணம்.

சட்டத்தைத் திறப்பதற்கு முன்பே ஒழுங்காக ஆராய்ந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதா? முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. கனடாவைப் பாருங்கள். 1994ல் ஆராய்ச்சி உரிமங்கள் கொடுக்கத் தொடங்கி, நான்கு பருவம் சோதித்து, 1998 மார்ச்சில் விதிமுறைகளை வெளியிட்டார்கள். எந்த ரகங்களை விதைக்கலாம் என்று அரசே பட்டியல் போட்டது. சான்று பெற்ற விதை கட்டாயம். விதையிலும் டி.எச்.சி.யிலும் அவர்கள் பெரிய சிக்கலில் மாட்டாததற்கு இந்தப் பட்டியல் முக்கியக் காரணம். அப்படியும் 1999ல் பரப்பு திடீரென்று 14,000 ஹெக்டேருக்கு எகிறியது. பெரிய அளவில் வாங்குவதாக ஒப்பந்தம் போட்ட ஓர் அமெரிக்க நிறுவனம் திவாலானது. 2001ல் மிஞ்சியது 1,300 ஹெக்டேர் அளவுதான். பயிரியல் ஆராய்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அறுத்ததை வாங்குபவரின் கைப்பலத்தை அது சோதிக்காது. கனடா அதற்கப்புறம் மெல்ல மெல்லத் தேறியது. தோல் நீக்கிய விதை, விதை எண்ணெய் என்று உணவுச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அது நிதானமாக வளர்ந்த சந்தை.

நாரின் கதை இன்னும் மெதுவானது. அறுத்த தண்டை வயலிலேயே பரப்பி, பனியிலும் ஈரத்திலும் சில வாரம் கிடக்கவிட வேண்டும். நாரையும் உள்தண்டையும் ஒட்டவைத்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் தின்றால்தான் இரண்டும் பிரியும். குறைவாக ஊறினால் நார் பிரியாது. அதிகமாக ஊறினால் நாரே மட்கிவிடும். மழை சரியாகப் பெய்யவேண்டும், அவ்வப்போது திருப்பிப் போடவேண்டும். இப்படித் தயாரான தண்டு இடத்தை அடைக்கும், எடை குறைவு. லாரியில் நெடுந்தூரம் கொண்டுபோனால் வாடகையே விலையைத் தின்றுவிடும். எனவே பக்கத்தில் ஆலை வேண்டும். தண்டு கிடைக்கும் என்று தெரியாமல் ஆலைக்கு யாரும் முதலீடு போடமாட்டார்கள். ஆலை வரும் என்று தெரியாமல் விவசாயி விதைக்கமாட்டார். 1942ல் அரசு 42 ஆலைகளைக் கட்டி இந்த முடிச்சை அவிழ்த்தது. 2014க்குப் பின் வந்த திட்டங்கள் விதை, உரிமம், சோதனை மூன்றோடு நின்றுவிட்டன. தடையே போடாத பிரான்ஸில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களும் ஆலையும் ஒன்றாக இயங்குகின்றன. நார்ப்பயிர் அங்கே தொடர்ந்து நிற்பதற்கு இது பெரிய காரணம்.

2018க்குப் பிறகும் அரசு ஆராய்ச்சி நிற்கவில்லை. சொல்லப்போனால் அமைதியான, உருப்படியான வேலைகள் அப்போதுதான் தொடங்கின. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊரில், கார்னெல் வளாகத்தில், வேளாண் துறை ஹெம்ப் விதைக் களஞ்சியம் ஒன்றை அமைத்திருக்கிறது. டியூயியின் விதைகளுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இனி வருபவற்றுக்குக் கிடைக்கும். ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகம் 2019ல் ஹெம்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் திறந்தது. ஒஹாயோவின் சென்ட்ரல் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு, ஹெம்ப் விதையை மீன் தீவனமாகப் பயன்படுத்தலாமா என்று ஆராய ஒரு கோடி டாலர் கிடைத்தது. 2020 பருவத்திலிருந்து சில மாநிலங்களில் பயிர்க் காப்பீடும் உண்டு, ஆனால் டி.எச்.சி. எல்லையைத் தாண்டியதால் வரும் நஷ்டத்தை அது ஏற்காது.

சோதனை முறையிலும் அனுபவம் வேலை செய்தது. 2019ல் வந்த இடைக்கால விதி, மாதிரி எடுத்த 15 நாளுக்குள் அறுவடையை முடிக்கச் சொன்னது. ஆய்வகங்கள் குறைவு, மழை வந்தால் அறுக்க முடியாது, எப்படி முடியும் என்று விவசாயிகளும் மாநிலங்களும் ஆயிரக்கணக்கில் கருத்து அனுப்பினார்கள். 2021ல் வந்த இறுதி விதி அதை 30 நாளாக்கியது. மாதிரியைச் செடியின் உச்சியிலிருந்து 5 முதல் 8 அங்குலத் துண்டாக வெட்டி எடுக்கவேண்டும் என்றது. எல்லையைத் தாண்டினால் பயிரை அழிக்கவேண்டும், அல்லது பூவை நீக்கியோ முழுச் செடியையும் அரைத்துக் கலந்தோ எல்லைக்குள் கொண்டுவர வேண்டும், ஆனால் 1 சதவீதத்துக்குள் இருந்தால் விவசாயியின் அலட்சியம் என்று எழுதமாட்டார்கள். முன்பு அந்த அளவு 0.5 ஆக இருந்தது. அதே விதி மொத்த டி.எச்.சி.யைக் கணக்கிடச் சொல்கிறது. பச்சைச் செடியில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவில் இருக்கும், சூடுபட்டால்தான் போதைப்பொருளாக மாறும். எனவே அமிலத்தின் அளவை 0.877ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்கிறார்கள்.

2025 நவம்பரில் கையெழுத்தான செலவினச் சட்டம் ஹெம்பின் வரையறையையே இறுக்கிவிட்டது. விற்பனைப் பொருளில் ஒரு பொட்டலத்துக்கு மொத்த டி.எச்.சி. 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வரும் என்பது அதன் சாரம். ஹெம்பிலிருந்து வேதிமுறையில் போதைப்பொருள் தயாரித்துக் கடைகளில் விற்ற வியாபாரத்தை நிறுத்துவதுதான் குறி. பூவை நம்பியவர்களுக்கு இது பெரிய அடி. நார், விதை ஆராய்ச்சிக்கு நேரடியாகப் பாதிப்பு குறைவு. ஆனால் இதுவரை அந்த ஆராய்ச்சியும் பூவில் வந்த பணத்தின் நிழலில்தான் நடந்தது என்பதால், இனி பொதுப் பணத்தின் பங்கு கூடவேண்டியிருக்கும்.

இந்தியாவிலும் இதே வாசலில்தான் நிற்கிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நாருக்கோ விதைக்கோ தொழில் தேவைக்காகப் பயிரிட அரசு அனுமதி தரலாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்கிறது. 2018ல் உத்தராகண்ட் அப்படி உரிமம் தந்த முதல் மாநிலமானது. 2021 நவம்பரில் ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் விதை மாவையும் உணவாக விற்க விதிமுறை வந்தது. 2025 ஜனவரியில் ஹிமாசலப் பிரதேச அமைச்சரவை, பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் நௌணி தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து முன்னோடி ஆய்வு நடத்த ஒப்புதல் தந்தது. மலைச்சரிவில் காலங்காலமாகத் தானே வளரும் உள்ளூர்ச் செடிகள் அங்கே ஏராளம். பகல் நீளம் அவற்றுக்குப் பொருந்தும், டி.எச்.சி. பொருந்தாது. வெளிநாட்டு ரகங்களுக்கு நேர்மாறு. இரண்டையும் கலந்து, உயரமாக வளரும், எல்லைக்குள் நிற்கும் ரகம் எடுக்கப் பல வருடம் ஆகும். காற்றில் பரவும் மகரந்தம் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும் என்பதால், சுற்றிலும் காட்டுச்செடி நிற்கும் ஊரில் எடுத்த ரகத்தின் தூய்மையைக் காப்பது தனிப் பாடு.

எனவே எந்த நாட்டில் எந்தத் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும், எத்தனை ஏக்கர் என்பதைக் கடைசியில் பாருங்கள். விதை எந்த அட்சரேகையிலிருந்து வந்தது, எத்தனை பருவம் எத்தனை இடத்தில் சோதித்தார்கள், தோற்ற ரகங்களின் பெயரையும் வெளியிட்டார்களா என்று முதலில் தேடுங்கள். மாதிரியை யார் எடுக்கிறார்கள், ஆய்வகக் கட்டணம் யார் தலையில், எல்லையைத் தாண்டிய பயிருக்கு நஷ்டம் யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். வாங்குவதாகச் சொல்பவர் முன்பணம் தருகிறாரா, ஆலை ஏற்கனவே ஓடுகிறதா என்பதும் அங்கேயே தெரியும். ஒப்பந்தத்தில் இவற்றுக்குப் பதில் இல்லாத திட்டத்தில் சேர நினைப்பவர், முழு நிலத்தையும் கொடுக்காமல், போனாலும் தாங்கக்கூடிய ஒரு மூலையில் மட்டும் முதல் பருவத்தை விதைத்துப் பார்க்கலாம்.